மூன்றாம் நபரைப் பற்றிச் சொல்ல ஏலாது

1

லெஸ்டரிலிருந்து நான் இதுவரை எழுதிய குறிப்புகளில் பனி, குப்பைத்தொட்டி, நேரத்துக்கு வரும் பஸ் ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. ஊரில் வாசிக்கிறவர்கள் அவற்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இந்த முறை மூன்றும் இல்லை. இதைக் கல்முனையில், கடற்கரைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு கோப்பிக் கடையின் சுவரோர மேசையிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் குறிப்பு எழுதலாமா என்று கேட்பவர்கள், போன வாரம் நடந்ததை வாசித்த பிறகு கேட்கட்டும்.

நான் வந்த காரியம் சிறியது. வாப்பா விட்டுச் சென்ற காணித் துண்டொன்றைத் தங்கை பரீதாவின் பெயருக்கு மாற்ற ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நான் ஜவ்பர், கடவுச்சீட்டில் ஜௌபர். கந்தோரில் இருந்த அலுவலர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருக்கா சேர்ந்து வந்தா வேல லேசு, சேர்" என்றார். பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன். அதைத் தட்டச்சு செய்தவர் ஜவ்பார் என்று புதிதாக ஒருவரைப் பிறப்பித்திருந்தார். மூவரும் நானே என்று நிரூபிக்கும் வரை தங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நாளும் வேலையை விட்டுவிட்டு இருக்க முடியாது. ஆகவே வேலையும் என்னோடு கல்முனைக்கு வந்தது.

2

இங்கிலாந்தில், லெஸ்டரில் எனக்கு ஓர் உள்ளூராட்சிச் சபையில் உத்தியோகம். பிழையான இடத்தில் காரை நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள், தாங்கள் ஏன் அதைக் கட்டத் தேவையில்லை என்று எழுதும் சாட்டுகளை வாசித்துப் பதில் எழுதுவதே என் தொழில். தெருவோர மஞ்சள் கோடு பனியில் மூடியிருந்தது என்று ஒருவர் எழுதினார். சம்பவம் நடந்தது ஆகஸ்ட் மாதம். மாமியார் காரை விட்டு இறங்க மறுத்தார் என்று இன்னொருவர் எழுதினார், அதை ஏற்றுக்கொண்டேன்.

வெளிநாட்டில், அதுவும் பொது இடமொன்றில் இருந்து வேலை செய்வதானால், முதலில் கணினியில் ஒரு பாடம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்று என் மேலதிகாரி ஹெலன் சொன்னார். எழுதினேன். சுவருக்கு முதுகு கொடுத்து இருக்க வேண்டும். திரை யாருக்கும் தெரியக்கூடாது. யாராவது வந்து யாரையாவது பற்றி விசாரித்தால், மூன்றாம் நபரைப் பற்றித் தகவல் தர எனக்கு அனுமதி இல்லை என்று புன்னகையுடன் சொல்ல வேண்டும். புன்னகையும் பாடத்திலேயே இருந்தது. ஒரு கேள்விக்கும் பிழை விடாமல் தேறினேன்.

பரீதாவின் வீட்டில் இணைய இணைப்பு உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகளும் உண்டு. தேடித் திரிந்தபோதுதான் இந்தக் கடை அகப்பட்டது. கடை என்றாலும் வீடு என்றாலும் சரி. முன் மண்டபத்தில் ஐந்து மேசை போட்டிருக்கிறார்கள். பெயர்ப்பலகை இல்லை, 'கேக் ஓடர் எடுக்கப்படும்' என்று ஓர் அட்டை மட்டும் தொங்குகிறது. நடத்துகிறவர் றிஸ்னா. இருபத்தெட்டு வயது இருக்கும், பல்கலைக்கழகம் போய்ப் படித்த பிள்ளை. அவருடைய உம்மா பின்னால் குசினியில் ரோல்ஸ் பொரிக்கிறார். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார்.

இலங்கையின் கிழக்கில், எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. லெஸ்டரில் பிறந்த என் மகள் ஹனா எப்போதாவது வாசிப்பாள் என்பதற்காக எழுதி வைக்கிறேன். ஆகவே இந்தக் கடை இருப்பது றிஸ்னாவின் சீதன வீட்டில். வருகிற மாப்பிள்ளை ஐந்து மேசைகளுக்கு நடுவில்தான் வந்து குடியேற வேண்டும்.

3

கடை அமைதியானது. காரணம், கல்முனைக்காரர் கடையில் இருந்து குடிப்பதில்லை. வந்தால் பார்சல் கட்டிக்கொண்டு போவார்கள். வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க ஆளில்லாதவன்தான் கடையில் குந்துவான் என்பது ஊர்க் கணிப்பு. முதல் கிழமை முழுவதும் பார்சலுக்கு வந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இங்கிலாந்தில் காலை ஒன்பது மணியாகும்போது இங்கே பகல் ஒன்றரை. அந்த நேரத்துக்கு நான் மேசையைத் துடைத்து, இடப்பக்கம் தண்ணீர்ப் போத்தல், வலப்பக்கம் மவுஸ், நடுவில் லெப்டொப் என்று ஒழுங்கு செய்துவிடுவேன். பின்னேரம் வரை சாட்டுகள் வாசிப்பேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யன்னலால் சூடாக வந்து திரையில் மணலைப் பூசிவிட்டுப் போகும். கூட்டங்களின்போது என் பக்கத்துச் சத்தங்கள் எல்லாம் ஹெலனுக்கும் கேட்கும். பாண் விற்க வருகிறவரின் ஓட்டோவில் ஒலிக்கும் பாட்டு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மீன்காரரின் ஊதலைக் கேட்டு ஒரு நாள், அங்கே எங்காவது தீப்பிடித்துவிட்டதா என்று கவலைப்பட்டார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மட்டும் தானாகவே பேச்சை நிறுத்தி, முடியும் வரை பொறுமையாக இருப்பார். நானும் இருப்பேன். அந்த நிமிடங்களில் எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் மரியாதை மற்ற நேரங்களில் இல்லை.

இந்த ஊரில் பிழை விடுகிறவன் நான்தான். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் 'நன்றி' என்கிறேன். சீனி தந்தாலும் 'நன்றி'. மூன்றாம் நாள் றிஸ்னா கேட்டார்:

"சேர், ஏன் ஒவ்வொண்டுக்கும் நன்றி சொல்றீங்க? கூட்டம் முடிக்கிற மாதிரி இரிக்கி."

"அங்க பழகிட்டு."

"இஞ்ச நன்றி எண்டா, போயிட்டு வாறன் எண்டு அர்த்தம். ஒவ்வொரு தரமும் நீங்க எழும்பப் போறீங்க எண்டு நான் பில் எழுதிட்டு நிக்கிறன்."

அதற்குப் பிறகு தலையை மட்டும் ஆட்டினேன்.

ஹனா இப்போது வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் அனுப்பும் நீளமான செய்திகளுக்கு அவளிடமிருந்து ஓர் ஆங்கில எழுத்து பதிலாக வரும். கடலின் படம் அனுப்பினேன்: கே. பாண்காரரின் ஓட்டோவை ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன்: கே. மற்ற விபரங்களை அவள் தன் உம்மாவிடம் சொல்வாள். என் மனைவி அதைச் சுருக்கி எனக்குச் சொல்வாள். ஒழுங்கான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன்.

4

சம்பவம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. ஹெலனுடன் கூட்டம் தொடங்க இருந்தது. ஒரு காதில் இயர்போன். றிஸ்னா கேக் கொடுக்கப் போயிருந்தார். அவருடைய உம்மாதான் பால் கலக்காத ஒரு பிளேன்டியை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பிளேன்டிக்கு உரியவர் வெள்ளைச் சாரமும் தொப்பியும் குடையுமாக இருந்த ஒரு பெரியவர். நான்கு மேசை வெறுமையாக இருக்க, என் மேசைக்கு வந்து எதிர்க் கதிரையில் குந்தினார்.

"தம்பி, இந்தக் கடப் புள்ள எப்பிடி?"

"என்ன கேட்டீங்க?"

"புள்ளயத்தான். குணம் எப்பிடி, நடத்த எப்பிடி. நீங்க ஒவ்வொரு நாளும் இஞ்சதான் குந்தி இரிக்கீங்களாம். உங்களுக்குத் தெரியாம இரிக்குமா?"

என் முதுகு சுவரில் இருந்தது. திரையைச் சற்றுச் சாய்த்தேன். புன்னகைத்தேன்.

"மன்னிக்கணும். மூன்றாம் நபரைப் பத்தி நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

"ஒண்டும்?"

"ஒண்டுமே."

"சொல்ல ஏலாத மாதிரி ஏதும் இரிக்கா?"

"இரிக்கா இல்லையா எண்டும் சொல்ல ஏலாது."

பாடத்தில் இது ஐந்தாம் பகுதி. உறுதிப்படுத்தவும் கூடாது, மறுக்கவும் கூடாது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வாப்பா கட்டார்ல எண்டாங்க. நீங்க இவங்களுக்கு என்ன மொற?"

"மொற ஒண்டும் இல்ல. நான் வாடிக்கையாளர்."

அவர் என்னைப் பார்த்தார். குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு என் தண்ணீர்ப் போத்தலை, மவுஸை, சுவரில் சொருகியிருந்த சார்ஜரை, ஒரு வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டவனின் ஏற்பாடுகளை எல்லாம் பார்த்தார். எழும்பிக் குடையை எடுத்தார்.

"அல்லா எல்லாப் பொம்புளப் புள்ளயளயும் பாதுகாக்கணும்."

"ஆமீன்" என்றேன், அதே புன்னகையுடன்.

அன்றைய நாட்குறிப்பில், ஒருவர் வந்து விசாரித்தார், விதிப்படி பதில் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன்.

5

மறுநாள் காலை பரீதா இடியப்பத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுவது காக்கா என்று.

"காக்கா, நேத்து அந்தக் கடையில ஆரோடயாவது கதைச்சீங்களா?"

"ஒருத்தரோடயும் கதைக்கல்ல. ஒருவர் வந்து கேட்டாரு, ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு சொன்னன்."

"சொன்னத அப்பிடியே சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. பரீதா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"அல்லாட காவல். ஆமீன் வேற சொல்லியிரிக்கீங்க."

வந்தவர் காசிம் ஹாஜியார், அக்கரைப்பற்றில் நெல்லு வியாபாரம் செய்பவர். அவருடைய மருமகன், அதாவது தங்கையின் மகன் ஸஜாத், றிஸ்னாவோடு ஒன்றாகப் படித்தவன். இரண்டு பேருக்கும் விருப்பம். பையனின் வீட்டைச் சம்மதிக்க வைக்க நாலு வருடம் பிடித்திருக்கிறது. கடைசியில், தாய்மாமன் போய் ஒரு தரம் விசாரித்து வரட்டும், அவர் சரி என்றால் நாள் குறிக்கலாம் என்று முடிவானது. றிஸ்னாவின் வாப்பா லீவுக்கும் எழுதிவிட்டார். தாய்மாமன் வந்தார். விசாரித்தார். விசாரித்தது என்னிடம்.

"இப்ப என்ன சொல்றாங்களாம்?"

"கொஞ்சம் பாப்பமாம்."

எங்கள் கரையில் 'கொஞ்சம் பாப்பம்' என்றால் இனிப் பார்க்கப் போவதில்லை என்று பொருள். அந்த மட்டுக்குத் தமிழ் எனக்கு மறக்கவில்லை.

"நான் அவளப் பத்திக் கூடாத ஒரு சொல்லும் சொல்லல்லயே, பரீதா."

"கூடாததக் கேட்டா ஆரும் வாயால சொல்லுவாங்களா? 'எனக்குத் தெரியாங்க, நான் ஒண்டும் சொல்ல ஏலாங்க' எண்டுதான் சொல்லுவாங்க. நல்ல புள்ளயெண்டா நாலு வீடு தாண்டி இரிக்கிறவன் கூட நிப்பாட்டி வெச்சிச் சொல்லுவான். நீங்க சிரிச்சிக்கிட்டே சொல்ல ஏலா எண்டிரிக்கீங்க. அந்த மனிசன் என்ன நெனப்பாரு?"

"அப்ப பொய் சொல்லச் சொல்றியா?"

"வாயத் தொறக்கச் சொல்றன்."

பிறகு குரலைத் தணித்து, எனக்கு வலிக்கக் கூடியதை வலிக்காமல் சொல்ல முயன்றாள். ஹாஜியார் என்னைப் பற்றியும் கேட்டாராம். ஆண் இல்லாத வீட்டில் மத்தியானத்திலிருந்து மஃரிப் தொழுகை வரை, காதில் வயரோடு, முறை ஒன்றும் இல்லாமல் குந்திக்கொண்டிருக்கும் அந்த ஆள் யார் என்று. கடையிலிருந்து பள்ளிவாசல் வரை ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் வேலை போய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னாராம். அதைச் சொன்னவர் எங்கள் சொந்தக்காரர்.

6

அன்று பகல் கடைக்குப் போனேன். போகாமல் விட்டால் அதுவும் ஒரு பதிலாகிவிடும் என்று பரீதாதான் அனுப்பினாள். வைஃபை வேலை செய்யவில்லை.

றிஸ்னா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "பாஸ்வேர்ட் மாத்திட்டன், சேர்."

"புதுசு என்ன?"

"மூன்றாம் நபருக்குச் சொல்ல ஏலாது."

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. நான் லெப்டொப்பை மூடினேன்.

"எனக்கு அது விளங்கல்ல, மகள். அங்க ஒராளப் பத்திக் கதைக்காம இரிக்கிறதுதான் மரியாத."

"நீங்க மரியாத செய்ததுக்கு நான் நாலு வருஷத்தக் குடுத்திரிக்கன்." கோபமாகச் சொல்லவில்லை, கேக் ஓடரை வாசித்துக் காட்டும் குரலில் சொன்னார். "அவங்கட வீட்டுல கடைய மூடச் சொன்னாங்க. ஏலா எண்டன். ஸஜாத்தும் மூடத் தேவல்ல எண்டாரு. ரெண்டு தரம் பேச்சு நிண்டு, மறுகா தொடங்கின. இப்ப கடயால இல்ல, கடையில குந்தி இரிக்கிற ஆளால போகப் போகுது."

"நான் போய் ஹாஜியாரோட கதைக்கிறன்."

"என்ன சொல்லுவீங்க?"

"தெரிஞ்சத."

றிஸ்னா யோசித்தார். "தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லாதீங்க" என்றார்.

அவசரக் குடும்ப லீவுக்கு விண்ணப்பித்தேன். கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், மற்றவை என்று உறவு கேட்டிருந்தது. 'மற்றவை' என்பதைத் தெரிவு செய்தேன். காரணத்தைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் எழுத வேண்டும் என்று போட்டிருந்தபடியால், 'ஒரு பெண்ணைப் பற்றி நல்லது சொல்லப் போக வேண்டும்' என்று எழுதினேன். ஹெலன் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுமதித்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படியொரு காரணம் முதல் தடவை என்பதை மட்டும் குறிப்பிட்டிருந்தார்.

7

அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பதில் கடிதமாக எழுதிப் பார்த்தேன். உங்கள் விசாரணை கிடைக்கப்பெற்றது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அதற்கு மேல் போகவில்லை. தமிழில் அது யாரையோ ஏமாற்றுவது போல இருந்தது.

சிறுபோக அறுவடைக் காலம். ஹாஜியாரின் நெல்லுக் கடையில் மூட்டைகள் முகடு வரை அடுக்கியிருந்தன. நாவிதன்வெளிப் பக்கமிருந்து வந்த லொறியொன்று இறக்கிக்கொண்டிருந்தது. ஹாஜியார் ஒரு மூட்டையில் கூரான குழாயைக் குத்தி, கையில் விழுந்த நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்க, வாடிக்கையாளர்."

ஸலாம் சொன்னேன். ஒரு கதிரை வந்தது.

"நெல்லெண்டா கடிச்சிப் பாப்பன், தம்பி. மனிசரக் கடிக்க ஏலாதே. கேட்டுத்தான் பாக்கணும். உங்களுக்கிட்ட கேட்டா நீங்க வாயப் பூட்டிட்டீங்க."

"அது என்ட வேலைட சட்டம், ஹாஜியார்."

"என்ன வேல?"

"இங்கிலாந்துல, தண்டம் விதிச்சது சரியா பிழையா எண்டு பாக்கிற."

"அப்ப நீதவானா?"

அந்த இடத்தில் தலையை ஆட்டியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். "இல்ல. பிழையான இடத்தில கார் விட்டவங்கட சாட்டுகள வாசிக்கிற."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மெதுவாகினார்கள். லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டினார். "அதுக்குச் சம்பளமும் தாறாங்களா, காக்கா?"

"தாறாங்க."

"கல்முனையில அப்பிடி ஒராளப் போட்டா, மவுத்தாகிற வரைக்கும் வாசிச்சாலும் ஒரு ரோட்டு முடியாது."

ஹாஜியார் சிரிக்கவில்லை. ஆனால் நெல்லை மூட்டைக்குள் திருப்பிப் போட்டார். "இப்ப மட்டும் சட்டம் இல்லையா?"

"இண்டைக்கு லீவு."

"அப்ப சொல்லுங்க. புள்ள எப்பிடி?"

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன் என்று தொடங்கினேன். ஒரு நாள் பொடியன்கள் சிலர் வந்து, தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு சத்தமாகப் பகிடி விட்டார்கள். றிஸ்னா ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணீர் ஆற முன்னம் பில்லைக் கொண்டுவந்து வைத்து, மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அவர்கள் எழும்பிப் போனார்கள். இன்னொரு நாள் ஒரு தாய், பிறந்தநாள் கேக்கில் பிள்ளையின் பெயர் பிழை என்று சண்டைக்கு வந்தார். பிழையாக எழுதித் தந்தது அந்தத் தாய்தான். எழுதிய துண்டு றிஸ்னாவின் கையில் இருந்தது. அதைக் காட்டவில்லை. மேலே இருந்ததை வழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். ஏன் காட்டவில்லை என்று நான் கேட்டேன். பிள்ளை பக்கத்தில் நின்றதே, உம்மாவுக்குத் தன் பெயர் எழுதத் தெரியாது என்று அது நினைத்துவிடும் என்றார்.

ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"கொற ஒண்டும் இல்லையா? பதரே இல்லாத மூட்ட எண்டா எனக்குப் பயம். நல்ல நெல்லுலதான் தண்ணி தெளிச்சிருப்பாங்க."

'எல்லாத்தையும் சொல்லாதீங்க' என்றது நினைவில் இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது.

"இரிக்கி. கோவம் வரும். ஆனா கத்த மாட்டா; சிரிக்காம பகிடி விடுவா. அது கத்திறத விடக் கூட."

"என்ன மாதிரி?"

"போன கிழம நான் ஒரு பிளேன்டியோட பின்னேரம் வரைக்கும் நாலு பேர்ட மேசையில இருந்தன். வந்து, 'சேர், மத்த மூண்டு பேரும் எப்ப வருவாங்க?' எண்டு கேட்டா."

முதலில் சிரித்தது சாரதி. பிறகு மூட்டைக்காரர்கள். கடைசியில் ஹாஜியாரின் வயிறு குலுங்கியது. சிரிப்பு அடங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட பொடியனுக்கு இது வேணும். அவன் ஒரு நித்திரக்காரன்" என்றார். உடனே முகம் மறுபடியும் வியாபாரியின் முகமானது.

"அதெல்லாம் சரி. முன் மண்டபம் முழுக்க மேச. வீட்டுக்கு வாற மாப்பிள எங்க குந்துற?"

"அஞ்சு மேச இரிக்கி, ஹாஜியார். ஒண்டுலதான் நான்."

"நீங்க எப்ப போற?"

"காணிக் கடதாசியில பேர் சரி வந்த உடன."

"கெதியாச் சரி வரட்டும்" என்றார். அதில் பிரார்த்தனையும் இருந்தது, நிபந்தனையும் இருந்தது. பிறகு சொன்னார்: "தங்கச்சிக்கிட்ட கதைக்கிறன். வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு ஒரு பத்துப் பேர் வருவம் எண்டு புள்ளட உம்மாவுக்குச் சொல்லுங்க. ரோல்ஸ் பொரிக்கச் சொல்லுங்க. மேசைதான் இரிக்கே."

8

பால் தேத்தண்ணீர் வந்தது. காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கரைப்பற்றில் ஒரு காரியம் முடிந்தால் அடுத்தது தொடங்கும்.

"உங்களுக்கும் ஒரு மகள் இரிக்காமே, தம்பி."

"ஓம். ஹனா."

"எங்கட மூத்தவர்ட மகன் ஒருத்தன் லண்டன்ல படிச்சிட்டு இரிக்கான். சும்மா கேக்கிறன். மகள் என்ன படிக்கிறா?"

முதலில் சட்டம் படித்தாள். பிறகு மாற்றினாள். எதற்கு மாற்றினாள் என்று அவளுடைய உம்மா எனக்கு ஒரு நாள் சொன்னாள். நான் அப்போது சாட்டுக் கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன்.

"சரியாத் தெரியா" என்றேன்.

"குணம் எப்பிடி? கதைப்பாவா, அமைதியா?"

வீட்டில் அமைதி. ஆனால் கதவுக்கு அப்பால் கூட்டாளிகளோடு சிரிக்கும் சத்தம் கேட்டிருக்கிறேன். என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்பது... "அதுவும் சொல்ல ஏலாம இரிக்கி."

ஹாஜியாரின் கோப்பை பாதி வழியில் நின்றது. அந்தப் பார்வையை நான் கண்டிருக்கிறேன். திங்கட்கிழமை, என் எதிர்க் கதிரையில். லொறிச் சாரதி கூட வேறு பக்கம் பார்த்தார். மற்றவர் பிள்ளையைப் பற்றி இரண்டு கதையும் ஒரு குறையும் சொன்னவன், சொந்த மகளைப் பற்றித் தெரியாது என்கிறான் என்றால், அந்தப் பிள்ளையை அல்லாதான் காப்பாற்ற வேண்டும்.

"அப்பிடி இல்ல, ஹாஜியார்" என்று அவசரமாகச் சொன்னேன். "நல்ல புள்ள. விசாரிச்சிட்டுச் சொல்றன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வசனம் என் காதிலேயே விழுந்தது.

பஸ் சந்திக்கு நடந்து வந்து, முதலில் றிஸ்னாவை அழைத்தேன். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, பத்துப் பேர் என்றேன்.  மறுபக்கத்தில் குசினியை நோக்கி ஓடுகிற காலடியும், உம்மா என்று கூப்பிடுகிற குரலும் கேட்டன. அழைப்பை நிறுத்தவும் மறந்துவிட்டார், நானே நிறுத்தினேன். சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது: புதுப் பாஸ்வேர்ட், அதன் கீழே 'சாச்சா, நாளைக்கு வாங்க.' சித்தப்பாவைத்தான் எங்கள் பக்கம் சாச்சா என்பது.

பிறகு ஹனாவை அழைத்தேன். அங்கே காலை. நித்திரையிலிருந்து எழும்பிய குரல்.

"வாப்பா? என்ன நடந்த? யாரும் மவுத்தா?"

"ஒருத்தரும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?" அவள் எழும்பி உட்காரும் சத்தம் கேட்டது. "நீங்க ஆஸ்பத்திரியிலயா?"

"பஸ் சந்தியில. ஹனா, நீ இப்ப என்ன படிக்கிறாய்?"

"வாட்?"

"சட்டத்த விட்டுட்டு என்னத்துக்கு மாத்தின? ஏன் மாத்தின? கூட்டாளிமாரோட என்ன கதைச்சிச் சிரிக்கிற?"

 அவளுடைய உடைந்த தமிழில், மிகக் கவனமாகக் கேட்டாள்:

"வாப்பா, யாரு கேக்கச் சொன்ன?"

ஹாஜியாரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். கல்முனை பஸ் வந்து எனக்கு முன்னால் நின்றது. நடத்துனர் ஏறுங்க, ஏறுங்க என்று கதவைத் தட்டினார்.

"ஒருத்தரும் சொல்லல்ல" என்றேன். "நான்தான் கேக்கிறன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.